வரியா, உபயமா என்று கேட்டவர்

ஏரியூர்ப் பக்கத்தில் சொந்தமாக ரிக் வண்டி வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு முன்னால் போர் போட வேண்டுமென்றால் திருச்செங்கோட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வண்டி வருகிற நாள்வரை வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் வண்டியில் ராடு தூக்கினேன். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகாத சீமை இல்லை. இடது கை மோதிர விரலில் பாதியைக் குல்பர்காவில் ஒரு பாறைமேல் விட்டுவிட்டு வந்தேன். கடன் கேட்டுப் போனபோது வங்கி மேனேஜர் மூன்று தரம் வாசலோடு திருப்பி அனுப்பினார். நாலாவது தரம் அவரே நாற்காலி போட்டார். பழைய வண்டி ஒன்று, பிறகு புது வண்டி, அதற்கு ஒரு கம்ப்ரசர், ஒரு கல்யாண மண்டபம், எட்டு ஏக்கர் மாந்தோப்பு, இரண்டு பெண்களுக்கும் காலேஜ் படிப்பு. ஏரியூரிலிருந்து பென்னாகரம் வரைக்கும் எந்தக் காட்டில் வேண்டுமானாலும் கையைக் காட்டுங்கள், என் பிட் இறங்கிய ஓட்டை ஒன்றாவது அங்கே இருக்கும்.

பூமிக்குள் ஆயிரம் அடியில் என்ன கல் இருக்கிறது என்று மேலே வருகிற தூளை விரலில் தேய்த்தே சொல்லிவிடுவேன். இன்ஜினியர் படித்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இத்தனையையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு மனிதர்தான் என்னை ஒரு வார்த்தை புகழாமல் போனார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரைச் சோதிக்க வந்தவர்; நாங்கள் தண்ணி சார் என்று கூப்பிடுவோம், அதுவே போதும்.

நாற்பது வயசிருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் சில்லறை குலுங்கும். கையில் ஒரு நீலநிற ஐஸ் பெட்டி. அதற்குள் ஐஸ் கிடையாது, காலி பாட்டில்கள்தான். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வருவார். பெட்டிக்கும் சேர்த்து லக்கேஜ் டிக்கெட் வாங்குவார். கண்டக்டர் வேண்டாம் என்றாலும் விடமாட்டார். நம் ஊர் கண்டக்டர், தினமும் பார்க்கிற முகம், இருக்கட்டும் சார் என்கிறான். இவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிறவரைக்கும் காசை நீட்டிக்கொண்டே நிற்பார். டீக்கடையில் யார் வாங்கிக் கொடுத்தாலும் டம்ளரைத் தொடமாட்டார். என் மண்டபத்து மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது, தங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாடகை எவ்வளவு என்றார். வாடகையா, நீங்கள் எங்களுக்காகத்தானே வந்திருக்கிறீர்கள் என்றேன். அப்படியானால் பஸ்ஸிலேயே போய் வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிவிட்டார். கடைசியில் நான்தான் தோற்றேன். மாசம் முதல் தேதி வாடகையை என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. கொடுத்துப் பழகிய கை என்னுடையது. வாங்க மறுக்கிறவன் நம்மைக் கீழே இறக்குகிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஏன் இப்படி என்று எனக்குப் புரிந்தது காளியம்மன் பண்டிகையின்போது. எங்கள் ஊரில் பண்டிகைக்கு இரண்டு வகையில் பணம் சேரும். ஒன்று வரி. ஒவ்வொரு குடும்பமும் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் ஊரே கேட்கும். இன்னொன்று உபயம். இஷ்டப்பட்டவர்கள் இஷ்டப்பட்டதைச் செய்வது. கோயில் ட்யூப்லைட் எல்லாம் என் உபயம். ஒவ்வொரு குழலிலும் சிவப்பு பெயிண்டில் மாதையன் என்று என் பெயரும் ரிக் கம்பெனி பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். தண்ணி சார் அண்ணாந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றார். புகழப் போகிறார் என்று பக்கத்தில் போனேன்.

"பூசாரி சம்பளம், கரண்டு பில்லு எல்லாம் எதுலீங்க நடக்குது?" என்றார்.

வரியில் என்றேன்.

"லைட்டு உங்க உபயம். அடுத்த வருசம் நீங்க குடுக்கலைன்னா?"

"எனக்கு யாரு மேலயும் கோவம் வராத வரைக்கும் குடுப்பேன் சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க ஆபீசும் இப்பிடித்தாங்க ஓடுது" என்றார்.

அன்றைக்குக் கோயில் பின்பக்கம் உட்கார்ந்து சொன்னார். அவரை அனுப்பியது நம் அரசாங்க ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்று. ஆனால் செலவுக்கும் அவர் சம்பளத்துக்கும் பணம் வருவது வெளிநாட்டிலிருந்து. உலகத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து அணு விஷயத்தைக் கண்காணிக்க ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. யாரும் திருட்டுத்தனமாகக் குண்டு செய்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது அதன் ஒரு வேலை. அணுவை நல்லதுக்குப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுப்பது இன்னொரு வேலை. புற்றுநோய்க்கு வைத்தியம், பயிருக்கு விதை, தண்ணீருக்குச் சோதனை இப்படி. முதல் வேலை பெரும்பாலும் வரியில் நடக்கிறது. அந்த வரியும் எட்டாமல் மேலே போகிற செலவுக்கு உபயத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இரண்டாவது வேலை கிட்டத்தட்ட முழுக்க உபயம். அந்த உபயத்தில் பெரிய கை, குண்டு வைத்திருக்கிற நாடுகள்தான்.

"நம்ம நாடும் வெச்சிருக்குதே சார்" என்றேன்.

நாமும் வைத்திருக்கிறோம், நாமும் கொடுக்கிறோம் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்குள் முள்ளாக நின்றது. பெரிய குண்டு நாடுகளுக்குள் போய்ச் சோதனை போடுவதும் ஒருவகையில் உபயம்தானாம். எந்த எந்த இடத்தைப் பார்க்கலாம் என்று அவர்களே விருப்பப்பட்டு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். பார்க்கிறவர்கள் அதற்குள்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத கதவைத் தட்ட முடியாது. அதற்கு முந்தின வாரம்தான் நானும் அவருக்குச் சோதனைக்கென்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தேன். என் வண்டி போட்டதிலேயே ரோட்டோரமாக இருக்கிற, நல்ல தண்ணீர் தருகிற ஆறு போர். மாந்தோப்புக்குள் ஆயிரத்து இருநூற்றைம்பது அடியில் நான் இறக்கியிருந்த போரை அதில் எழுதவில்லை.

அந்தப் பண்டிகைக்குப் பிறகு வரி, உபயம் என்ற இரண்டு வார்த்தையையும் அவர் எடுத்துக்கொண்டார். யார் எதை நீட்டினாலும் "வரிங்களா, உபயங்களா?" என்பார். டீக்கடையில் அதை ஒரு வேடிக்கையாக்கிவிட்டார்கள். வடை எடுத்து வைக்கும்போதே கடைக்காரன், "சார், இது வரி, பயப்படாம சாப்பிடுங்க" என்பான். அப்போதும் காசு கொடுப்பார்.

இனி அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். தண்ணீருக்கு வயசு பார்ப்பது.

நான் முதலில் கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். மாட்டுக்குப் பல்லைப் பிடித்து வயசு பார்ப்போம், தண்ணீருக்கு எதைப் பிடிப்பது? பொறுமையாகச் சொன்னார். ஒருகாலத்தில் பெரிய நாடுகள் வெட்டவெளியில் குண்டு வெடித்துச் சோதனை பார்த்தன. அதில் கிளம்பிய ஒரு சரக்கு வானம் முழுக்கப் பரவி, மழையோடு கலந்து உலகம் பூராவும் இறங்கியது. நம் ஏரியூர்க் காட்டிலும் இறங்கியது. இன்றைக்கு அது மெலிந்து போய்விட்டாலும் நல்ல மெஷினுக்குத் தெரியும். போர்த் தண்ணீரில் அந்தத் தடயம் இருந்தால், அது சமீபத்து மழை கீழே இறங்கிச் சேர்ந்த தண்ணீர். எடுத்தால் மறுபடி ஊறும். தடயம் இல்லையென்றால் அது குண்டுக்கெல்லாம் முந்தின தண்ணீர். எந்தக் காலத்திலோ சேர்ந்தது. எடுத்தால் எடுத்ததுதான்.

"அப்ப, குண்டு வெடிச்சவன் குடுக்கிற காசுல, அவன் வெடிச்ச கறையை வெச்சு எங்க தண்ணிக்கு வயசு பாக்கறீங்க" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமாங்க" என்றார். என்னை அவர் புகழ்ந்ததாகச் சொல்ல முடியுமென்றால் அந்தப் பார்வையைத்தான் சொல்ல வேண்டும்.

விளையாட்டில்லை இது. அப்போது எங்கள் பக்கம் எண்ணூறு அடி போதாமல் ஆயிரம், ஆயிரத்து நூறு என்று போய்க்கொண்டிருந்தோம். கீழே இருப்பது ஊறுகிற தண்ணீர் என்றால் இன்னும் போடலாம். பழைய தண்ணீர் என்றால் நிறுத்த வேண்டும், இருக்கிறதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மாடு கன்றை விற்று, நகையை வைத்துப் போர் போடுகிறவனுக்கு அந்தப் பதில்தான் வாழ்வும் சாவும். என் தொழிலுக்கும் அதுதான்.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மோட்டாரை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, பழைய தண்ணீர் எல்லாம் போன பிறகு, வாய்வரைக்கும் நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடவேண்டும். மற்ற இடங்களில் அவரே நின்று பிடித்தார். என் ஆறு போருக்கும் மூணு பேஸ் கரண்டு ஒரு நேரத்தில் வந்தால் ஒரு நேரத்தில் வராது. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, அவருக்கு வத்தல்மலையில் வேலை இருந்ததால், பாட்டில்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். முறையை என் கையாலேயே செய்யவைத்துக் காட்டிக் கொடுத்தார். போகும்போது, நம்பி விட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை. "நீங்க புடிக்கிற தண்ணி வெளிநாட்டுக்குப் போவுதுங்க" என்றுதான் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் கெட்டேன்.

மறுநாள் விடிய கரண்டு வந்தது. முதல் போரில் மோட்டாரைப் போட்டேன். ரொம்ப நாள் ஓடாத போர், தண்ணீர் செம்மண்ணாக வந்தது. அரை மணி நேரம் பார்த்தேன், கலங்கல் தெளியவில்லை. இரும்பு வாடை வேறு. பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டிப் பார்த்தேன். எனக்கே கூசியது. பாட்டிலில் போரின் நம்பரும், போட்ட வண்டி என்னுடையது என்பதும் எழுதியிருக்கிறது. வெளிநாட்டுக்காரன் மேசைமேல் வைத்துப் பார்ப்பான். மாதையன் போட்ட போரில் இந்தச் சேறுதான் வருகிறதா என்று கேட்பான். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கலங்கல் தண்ணீர் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மற்ற ஐந்தையும் ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஆறு பாட்டிலையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், கழுவி, சமையலறைக் குழாயில் ஒகேனக்கல்லிலிருந்து வருகிற காவேரித் தண்ணீரைப் பிடித்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. குமிழி ஒன்றுகூட விடவில்லை. அவர் சொன்ன முறைப்படியே மூடினேன்.

என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, போர்த் தண்ணியைத்தான கேட்டாரு அந்த சாரு?" என்றாள். தண்ணீர் எல்லாம் தண்ணீர்தான் போ என்றேன்.

மோசடி செய்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. நல்லதாகக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் என் மனசாட்சிக்கு அது தெரியும். ஆனால் அதை வைத்து யாரும் பிழைக்க முடியாது.

ஐந்தாறு மாசம் கழித்து முடிவு வந்தது. மாடி அறையில் காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் என் ஆறு போரும் புதுத் தண்ணீர் என்று இருந்தது. சுற்றியுள்ள பஞ்சாயத்துப் போர்கள் எல்லாம் பழசு, என்னுடையது மட்டும் புதுசு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பார்த்தீர்களா, நான் பாயிண்ட் பார்த்துப் போட்டால் அது வேறு என்றேன். செல்லில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். இருங்க, இரண்டாம் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள் என்றார். நான் படி இறங்குவதற்குள் இருபது பேருக்கு அனுப்பிவிட்டேன். மாதையன் போர்னா எளந்தண்ணி என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று.

நாலு நாள் கழித்து வந்து கேட்டார். என் ஆறு பாட்டிலிலும் ஃப்ளோரைடு இல்லையாம். எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு இல்லாமல் இருக்காது; அதைக் குடித்துத்தான் எங்கள் வயசுக்காரர்கள் பல்லெல்லாம் காவி ஏறிக் கிடக்கிறது.

"பாட்டில்ல போர்த் தண்ணிதானுங்களே புடிச்சீங்க?"

"பின்ன எங்க போயி புடிப்பேன்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பல்லைப் பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதையேதான் சொன்னேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் சவரிமுத்துவின் மாடுகள் தப்பித்திருக்கும். சவரிமுத்து எங்கள் பக்கத்துக் காட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு தக்காளி போடுகிறவன். என் செல்லிலிருந்து வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு இரண்டு கறவை மாட்டை விற்று, மனைவியின் நகையை அடகு வைத்துக்கொண்டு வந்தான். அடிக்கு வாங்குகிற கூலியில் அவனுக்கு மட்டும் பாதிதான் வாங்கினேன். அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். எண்ணூறில் வரவில்லை. ஆயிரத்தில் வரவில்லை. ஆயிரத்து நூறு அடிக்கும் வெறும் புகைதான். வெள்ளைத் தூள் மேலே எழுந்து, காய் பிடித்திருந்த தக்காளிச் செடிமேலெல்லாம் படிந்தது. கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன். சத்தம் ஓய்ந்த பிறகு சவரிமுத்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"எளந்தண்ணின்னு சொன்னீங்களே அண்ணா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால் நானும் இரண்டு பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அன்று சாயங்காலம் மாடி ஏறிப் போய் தண்ணி சாரிடம் சொன்னேன். சமையலறைக் குழாய் என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறுமேங்களா?" என்றார்.

"ஆறுந்தான்."

நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, மறுபடி பிடித்து அனுப்பலாம், இந்தத் தடவை நானே நிற்கிறேன், சரியான முடிவு வந்த பிறகு ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்றார். அடுத்தவன் காட்டில் அடுத்த போர் இறங்குவதற்குள் அது வந்துவிட வேண்டும் என்று அன்று ராத்திரியே ஆபீசுக்கு எழுதினார். புதுப் பாட்டில்களுக்கும் எழுதினார்.

பதில் வந்தது, பாட்டில் வரவில்லை. குண்டு வைத்திருக்கிற பெரிய நாடுகளில் ஒன்று அந்த வருஷம் உபயத்தை அனுப்பவில்லையாம். யார்மேலோ கோபமாம், இல்லை கணக்குப் பார்க்கிறார்களாம், சரியாகச் சொல்லவில்லை. வரியில் நடக்கிற வேலை நடக்கும். உபயத்தில் நடந்த வேலையில் எதை எதை வெட்டலாம் என்று பட்டியல் போட்டதில் எங்கள் ஊர்த் தண்ணீரும் ஒன்று. இரண்டாம் தடவைச் சோதனை கிடையாது. இருக்கிறதை வைத்துப் புத்தகம் போட்டு முடித்துவிடுங்கள் என்று உத்தரவு. அவருடைய சம்பளமும் அந்த மாசத்தோடு சரி. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, வீட்டில் பேசுவது கன்னடம். ஸ்பீக்கரில் போட்ட போனில் அம்மா "சம்பள பந்த்தா?", சம்பளம் வந்ததா என்று கேட்பதும், இவர் இல்லை என்று சொல்ல மாட்டாமல் வேறு பேச்சுக்குப் போவதும் கீழே மண்டபத்தில் எனக்குக் கேட்கும்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மேலே போனேன். சோதனைக்கு எவ்வளவு ஆகும், நான் தருகிறேன், உங்கள் சம்பளத்தையும் நானே தருகிறேன், எந்த நாட்டுக்காரனையும் கெஞ்ச வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான மனசோடு நான் எதையும் கொடுக்கப் போனதில்லை.

வேண்டாம் என்றார்.

ஏன் என்றேன். ரிக் வண்டிக்காரர் காசில் அவர் போருக்கே சோதனை பார்த்தால் எந்த முடிவு வந்தாலும் யார் நம்புவார்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாளைக்குப் பழைய தண்ணின்னு வந்தா உங்க தொழில் நிக்குமுங்க. அப்பவும் குடுப்பீங்களா? நீங்களும் உபயந்தானுங்களே ஐயா" என்றார்.

விரல் கொடுத்துச் சம்பாதித்தவனை, எங்கோ குண்டு அடுக்கி வைத்திருக்கிறவனோடு ஒரே தட்டில் வைத்துவிட்டார். என்ன பேசுகிறேன் என்று யோசிக்காமல், முகூர்த்த மாசம் வருகிறது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு மாடி அறை வேண்டும், காலி பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன்.

சரிங்க என்றார். அந்த மாசத்தில் பாக்கி இருந்த நாளுக்கு வாடகையைக் கழிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் வராத வரைக்கும் கொடுப்பேன் என்று ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று சொன்னவன் நான்தான். திரும்பி ஏறிப் போய் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஏழு படி ஏற எனக்கு முடியவில்லை.

போகிற அன்று விடியற்காலையில் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு காலி பாட்டில். "மாந்தோப்பு போரைக் கொஞ்சம் ஓட்டறீங்களா?" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். வந்த புதிதிலேயே தெரியுமாம். தோப்புக்கு வருகிற கரண்டுக் கம்பியின் தடிமனையும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியையும் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியாதா என்றார்.

"அப்பறம் ஏன் கேக்கலை?"

"நீங்க பட்டியல்ல எழுதலீங்க. அதுக்கு மேல கேக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க."

மோட்டாரைப் போட்டேன். முக்கால் மணி நேரம் இருவரும் மாமரத்தடியில் நின்றோம். தண்ணீர் முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. இன்னும் கால் மணி நேரம் காத்திருந்தால் தெளிகிற தண்ணீரை நான் அரை மணி நேரத்தில் அவமானம் என்று விட்டுவிட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் குமிழி இல்லாமல் நிரப்பி, மூடி, இடமும் ஆழமும் எழுதி என் கையில் கொடுத்தார். சோதிக்கப் பணம் வருகிற நாளில் அனுப்புங்கள் என்றார். அன்றைக்கு என்னிடம் அவர் எதையும் வரியா, உபயமா என்று கேட்கவில்லை. பஸ் வந்தது. காலிப் பெட்டிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். இப்போது ஓசூர்ப் பக்கம் கேன் தண்ணீர் அடைக்கிற ஒரு கம்பெனியில் சோதனை பார்க்கிறார் என்று கேள்வி. சவரிமுத்து பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவுக் காவல். அவன் காட்டில் சீமைக்கருவை முளைத்துவிட்டது.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். ஒருவழியாக அது அச்சாகிப் பஞ்சாயத்து ஆபீசுக்குத் தபாலில் வந்தது. இங்கிலீஷ் புத்தகம். என் சின்னவள் படித்துச் சொன்னாள். முதல் பக்கத்தில் நன்றி. உபயம் செய்த நாடுகளின் கொடிகள் வரிசையாகக் கலரில். நடுவில் கையை விரித்த நாட்டின் கொடியும் அதில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால். எங்களைப் பற்றி ஒரே வரி: உள்ளூர் மக்கள் விருப்பத்தோடு ஒத்துழைத்தார்கள். தண்ணி சாரின் பெயரைக் காணோம். கடைசியில் ஒரு பட்டியல். அதில் என் ஆறு போர், புதுத் தண்ணீர் என்று. பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில், மறுசோதனை செய்ய இயலவில்லை என்று. குழாய்த் தண்ணீர் என்று அவர் எழுதியனுப்பியதில் ஆபீஸ் விட்டுவைத்த நட்சத்திரமாகத்தான் இருக்கும். நட்சத்திரத்தை யார் பார்க்கிறார்கள்? போன மாசத்திலிருந்து வெளியூர் ரிக் ஏஜண்டு ஒருவன் அந்தப் பட்டியலைச் செல்லில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் காட்டுகிறான். உலக அமைப்பே புத்தகத்தில் போட்டிருக்கிறது, இன்னும் இருநூறு அடி போங்கள் என்கிறான். அது பொய் என்று சொன்னேன். தொழில் போட்டியில் பேசுகிறார் என்கிறார்கள். நான் வண்டி இரண்டையும் விற்று இரண்டு வருஷமாகிறது. அதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மாந்தோப்புப் பாட்டில் என் பீரோவில் இருக்கிறது. அதைச் சோதிக்க இன்னும் யாரும் உபயம் செய்யவில்லை.

அதனால் அந்தப் புத்தகத்தைப் போட்டவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்து நிறுத்தியவனுக்கும் கொடி போட்டிருக்கிறீர்கள். நானும் கொடுத்தேன், நானும் நிறுத்தினேன், அவர்கள் யாரும் செய்யாத ஒன்றையும் செய்தேன். என் உழைப்பை மறைக்கிற உரிமை யாருக்கும் இல்லை. ஒவ்வொரு போருக்கும் நேரே தண்ணீர் பிடித்தவர் பெயர் எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறீர்கள். என் ஆறுக்கும் அது காலியாக இருக்கிறது. அடுத்த பதிப்பில் அதை நிரப்புங்கள். பிடித்தவர்: ரிக் மாதையன், ஏரியூர். பிடித்த இடம்: அவர் வீட்டுச் சமையலறைக் குழாய். நட்சத்திரம் போடாமல், பெரிய எழுத்தில்.